ரிக் வண்டியும் ஏவுகணை வண்டியும்

சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "குடியரசு தின அணிவகுப்பில் லாரி மேல் ஏவுகணையைப் பார்த்தேன். அத்தனை பெரிய ராக்கெட்டை லாரியிலிருந்தே விட்டால் லாரி நொறுங்கிப் போகாதா? பேசாமல் ஒரு கான்கிரீட் மேடை கட்டி அதிலிருந்து விடலாமே? ஒரு லாரி மேல் ஏற்றி வைக்கிற வேலைக்கு நம் நாட்டுக்கு ஏன் இத்தனை வருடம் ஆனது?"

கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். லாரி இதில் வெறும் சுமை தூக்கியா, அல்லது ஆயுதத்திலேயே ஒரு பாதியா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். பாதி என்பதுதான் என் பதில். ராக்கெட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கதையில் பாதிதான் புரியும்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில், அதாவது மின்னணு, இயந்திரப் பொறியாளர் படையில், வண்டி மெக்கானிக்காக 24 வருடம் வேலை பார்த்துவிட்டு ஓமலூரில் வந்து உட்கார்ந்தவன். ஏவுகணைப் படைப்பிரிவில் நான் இருந்ததில்லை. ஏவுகணையின் வயிற்றைத் திறந்து பார்த்தவனும் இல்லை. அந்த மாதிரிச் சுமையைத் தூக்கும் டாட்ரா என்ற கனரக லாரிகளின் அடியில் படுத்து வேலை பார்த்தவன். ஆகவே வண்டியைப் பற்றி எழுதுவது கைப்பட்ட அறிவு. ஏவுகணையைப் பற்றி எழுதுவது படித்ததும், கணக்குப் போட்டுப் பார்த்ததும். எல்லாமே பொதுவில் வெளிவந்த விஷயங்கள்தான்.

மேடை கட்டி விடலாமே என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதைச் செய்து பார்த்தவர்கள் ஜெர்மானியர்கள். இரண்டாம் உலகப் போரில் வி-2 என்ற ராக்கெட்டைச் செய்தார்கள். ஏறக்குறைய 13 டன் எடை, 1 டன் வெடிபொருள், 300 கிலோமீட்டருக்கு மேல் எட்டும். அதை ஏவுவதற்காக பிரான்சின் வடபகுதியில் பெரிய கான்கிரீட் கோட்டை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். கட்டடம் முடிவதற்குள் 1943 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு அதைச் சிதைத்துவிட்டன. இடம் நகராது, ஒருமுறை படம் எடுத்துவிட்டால் போதும், எப்போது வேண்டுமானாலும் வந்து அடிக்கலாம். அப்புறம்தான் ராக்கெட்டை இழுவை வண்டியில் படுக்க வைத்து, மரங்களுக்கு நடுவே கொண்டுபோய் நிமிர்த்தி ஏவினார்கள். 1944 செப்டம்பர் 8 அன்று லண்டன் மேல் விழுந்தது அப்படி வந்ததுதான். வானம் முழுக்க எதிரி விமானங்கள் பறந்தும் அந்த வண்டிகளைத் தடுத்து நிறுத்த முடியவில்லை.

இதற்கு இன்னும் வலுவான சாட்சி 1991 வளைகுடாப் போர். ஈராக் தன் ஸ்கட் வகை ஏவுகணைகளை எட்டுச் சக்கர லாரிகளில் வைத்து இஸ்ரேல் மேலும் சவூதி அரேபியா மேலும் 80-க்கு மேல் விட்டது. அந்த லாரிகளைத் தேடியே நூற்றுக்கணக்கான முறை போர் விமானங்கள் பறந்தன. போர் முடிந்த பிறகு அமெரிக்க விமானப்படைக்காகவே நடந்த ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? நகரும் ஏவு வண்டி ஒன்றையாவது விமானம் அழித்தது என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை என்றது. வெட்டவெளிப் பாலைவனத்திலேயே அந்த நிலைமை. மரமும் ஊரும் மலையும் உள்ள இடத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, லாரி நொறுங்காதா? இந்தச் சந்தேகம் நிறையப் பேருக்கு இருக்கிறது, காரணம் பீரங்கி. பீரங்கிக் குண்டு முன்னால் போகும்போது குழாய் பின்னால் உதைக்கும், அந்த உதையை வண்டி தாங்கியாக வேண்டும். ராக்கெட் அப்படி இல்லை. தன் வாலில் கக்கும் வாயுவைத் தள்ளித்தான் அது மேலே போகிறது, லாரியைத் தள்ளி அல்ல. லாரி மேல் படுவது அந்த வாயுவின் சூடும் வேகமும் மட்டும், அதுவும் ஓரிரு நொடிகள். வளைந்த கனமான இரும்புத் தகடு ஒன்றை அடியில் வைத்து அந்தச் சீற்றத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவார்கள்.

உண்மையான சிக்கல் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டுமே உங்கள் தொழிலில் நீங்கள் தினம் பார்ப்பவைதான். ரிக் வண்டியைக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தியதும் என்ன செய்வீர்கள்? ஜாக்கி இறக்குவீர்கள், மண் இளகலாக இருந்தால் அடியில் மரக்கட்டை கொடுப்பீர்கள், வண்டியை மட்டம் பார்த்துவிட்டுத்தான் மாஸ்ட்டை, அதாவது துளையிடும் கம்பத்தை, தூக்குவீர்கள். சாய்ந்த தரையில் தொட்டியைத் தூக்கிய டிப்பர் கவிழ்வதை நம் பக்கத்தில் பார்க்காதவர் யார்? நம் நாட்டின் பிருத்வி ஏவுகணை சுமார் 9 மீட்டர் நீளம், எரிபொருளோடு நாலரை டன் அளவு எடை. படுக்க வைத்துக் கொண்டுவந்து, வண்டியின் பின்பக்கம் செங்குத்தாக நிமிர்த்த வேண்டும். எடை முழுவதும் பின்னால் போய், உயரமாகவும் நிற்கும்போது வண்டி டயர் மேல் நிற்கக் கூடாது, ஜாக்கி மேல்தான் நிற்க வேண்டும். டயர் என்பது காற்று, அது அசையும்.

இரண்டாவது, லோடு இறங்கும் வேகம். நாலரை டன்னை ஒரே நொடியில் இறக்கினால் ஸ்பிரிங் பட்டை எப்படித் துள்ளும்? ஏவுகணை மேடையை விட்டு எழும் அந்தக் கணத்தில் வண்டி துள்ளினால் கடைசித் தொடுதலில் வால் இடித்துவிடும். ஜாக்கி அதையும் தடுக்கிறது. ஆக, தூக்கும் வேலையில் ஏவு வண்டி உங்கள் ரிக் வண்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. ரிக் வண்டி ஒரு ராத்திரி முழுக்க அதே இடத்தில் நிற்கலாம். ஏவு வண்டி நிமிடக் கணக்கில் கிளம்பிப் போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்தைக் கடக்கத்தான் பல பத்து வருடங்கள் ஆயின.

அதற்கு முன் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் எழுத ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் லாரிக்கு ஏணி மாதிரி இரண்டு நீள இரும்பு, நடுவே குறுக்குச் சட்டங்கள், அதுதான் சேசிஸ். டாட்ராவில் முதுகெலும்பு ஒரு தடித்த குழாய். எல்லா அச்சுகளுக்கும் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்ட் அந்தக் குழாய்க்குள்ளேயே ஓடும். சேறும் கல்லும் அதைத் தொடாது. அந்தக் குழாயிலிருந்து இரண்டு பக்கமும் பாதிப் பாதி அச்சு கிளம்பி, ஒவ்வொன்றும் தனியே ஏறி இறங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது அதற்காகச் சாயாது. வெறும் வண்டியாக நிற்கும்போது பார்த்தால் சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே விரிந்து, அடிப்பக்கம் உள்ளே ஒடுங்கி நிற்கும். முதல் தடவை பார்க்கும் பையன்கள் "அச்சு வளைஞ்சு போச்சு சார்" என்று ஓடி வருவார்கள். லோடு ஏறியதும் எல்லாச் சக்கரமும் தானாக நிமிர்ந்துவிடும். காற்றால் குளிரும் டீசல் என்ஜின், ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதிப்பதும் இல்லை, உறைவதும் இல்லை. எட்டுச் சக்கரமும் இழுக்கும், முன் நாலும் திரும்பும். செக்கோஸ்லோவாக்கியாவின் இந்த வண்டியை 1980-களின் பிற்பாதியில் நம் அரசு நிறுவனமான பி.இ.எம்.எல். உரிமம் பெற்று இங்கே செய்யத் தொடங்கியது. 9 மீட்டர் நீள மென்மையான கருவி ஒன்றைக் காட்டுப் பாதையில் முறுக்காமல், குலுக்காமல் கொண்டுபோக வேண்டும் என்றால் முதுகு முறுக்காத வண்டி வேண்டும். அந்தக் குழாய் முதுகின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, ஏன் இத்தனை வருடம் என்பது. 1970-களில் ஹைதராபாத்தில் உள்ள டி.ஆர்.டி.எல். என்ற ராணுவ ஆய்வகம் ரஷ்யாவின் எஸ்.ஏ.-2 விமான எதிர்ப்பு ஏவுகணையைப் பிரித்துப் பார்த்து அதே போல் ஒன்றைச் செய்ய முயன்றது. டெவில் திட்டம் என்று பெயர். முழு ஏவுகணையாக அது தேறவில்லை, ஆனால் திரவ எரிபொருள் என்ஜின் செய்யும் கைப்பழக்கம் வந்துவிட்டது. 1983-ல் அப்துல் கலாம் தலைமையில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியபோது, அந்த என்ஜின் அறிவை அடித்தளமாக வைத்துப் பிருத்வி உருவானது. அதன் திட்ட இயக்குநர் கர்னல் வி.ஜே. சுந்தரம், எங்கள் இ.எம்.இ. பிரிவுக்காரர். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 1988 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் பிருத்வி பறந்தது. 1994 வாக்கில் ராணுவத்துக்கு வந்தது. முதல் வகை 1 டன் வெடிபொருளோடு 150 கிலோமீட்டர் போகும். இரண்டாவது வகை 250 கிலோமீட்டரில் தொடங்கிப் பின்னர் 350 வரை நீண்டது.

ஐந்தே வருடத்தில் பறந்துவிட்டதே என்று தோன்றும். பறந்தது. ஆனால் எரிபொருளைப் பாருங்கள். ஒரு தொட்டியில் சைலிடின், டிரைஎதிலமின் என்ற இரண்டு திரவங்களின் கலவை. இன்னொரு தொட்டியில் செம்புகை கக்கும் நைட்ரிக் அமிலம். இரண்டும் தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை. அந்த அமிலம் எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரருக்கு விளக்குவது சுலபம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் வெள்ளியை நைட்ரிக்கில் கரைக்கும்போது செம்பழுப்பாக ஒரு புகை எழும் பாருங்கள், நெஞ்சைப் பிடித்து இருமல் வரும், அதே புகைதான். அங்கே ஒரு சட்டிக்கே ஜன்னலைத் திறந்துவிட்டு விலகி நிற்பார்கள். இங்கே டன் கணக்கில் நிரப்ப வேண்டும். அலுமினியத் தொட்டியை அது தின்றுவிடாமல் இருக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் துளி அளவு கலப்பார்கள். அது உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் படலம் போட்டுவிடும். அப்படியும் நிரப்பிய ஏவுகணையை வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாது.

ஆகவே பிருத்வி போகும் இடத்துக்கெல்லாம் அமில டேங்கர், எரிபொருள் டேங்கர், கிரேன், கட்டுப்பாட்டு வண்டி என்று ஒரு கல்யாண ஊர்வலமே கூடப் போக வேண்டியிருந்தது. வேலை செய்பவர்கள் முழு உடல் ரப்பர் உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு குழாய் மாட்டி நிரப்ப வேண்டும். லாரி நகரும், சரி. ஊர்வலம் ஒளியுமா? நிமிடத்தில் முடிய வேண்டியது மணிக்கணக்காக நீண்டது. லாரியில் ஏற்றியதால் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதியை அந்த அமிலம் தின்றது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் ஏன் திரவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கலாம். கையில் இருந்த என்ஜின் அதுதான் என்பது ஒரு காரணம். இன்னொன்று, திரவ என்ஜினை நினைத்த நொடியில் வால்வை மூடி நிறுத்தலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு. காற்றுத் தடையையும் பூமியின் வளைவையும் விட்டுவிட்டு, 45 டிகிரியில் எறிந்த கல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 150 கிலோமீட்டர் போக நொடிக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் வேகம் வேண்டும். உச்சியில் 37 கிலோமீட்டர் உயரம், மூன்று நிமிடத்துக்குள் பயணம் முடிந்துவிடும். என்ஜின் நிற்கும்போது வேகத்தில் நொடிக்கு 1 மீட்டர் பிழை வந்தால், விழும் இடம் ஏறக்குறைய 250 மீட்டர் தள்ளிப் போகும். ஆயிரத்து இருநூறில் ஒன்று பிசகினால் கால் கிலோமீட்டர்! சரியான வேகம் வந்ததும் வால்வை மூட முடிவது அந்தக் காலத்தில் பெரிய வசதி.

திட எரிபொருள் அப்படி இல்லை. ரப்பர் மாதிரியான ஒரு பிசின், அமோனியம் பெர்குளோரேட் என்ற உப்பு, அலுமினியப் பொடி மூன்றையும் மாவாகப் பிசைந்து, குழாய்க்குள் ஊற்றி, நடுவே துளை விட்டு, இறுக வைப்பார்கள். (அலுமினியம் என்றதும் நம் ஊர் நினைவு வருகிறது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை மேட்டூரில் உருக்கி அலுமினியம் எடுத்தார்கள். அது ஏவுகணைக்குப் போனது என்று சொல்ல வரவில்லை, அந்த உலோகம் நமக்குப் பழக்கமானது என்கிறேன்.) நடுத்துளையின் வடிவம்தான் எவ்வளவு வேகமாக எரியும் என்பதைத் தீர்மானிக்கும். ஒருமுறை பற்றவைத்தால் முழுதும் எரிந்துதான் தீரும், பாதியில் நிறுத்த வழியில்லை. உள்ளே ஒரு விரிசலோ காற்றுக் குமிழியோ இருந்தால் திடீரென்று எரியும் பரப்பு கூடி, மோட்டாரே (திட எரிபொருள் என்ஜினை அப்படித்தான் சொல்வார்கள்) வெடித்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நிறுத்த முடியாத மோட்டாரை வைத்துக்கொண்டு 150 கிலோமீட்டரிலும் அடிக்க வேண்டும், 500-லும் அடிக்க வேண்டும் என்றால் பாதையை வளைத்துத்தான் மிச்ச சக்தியைச் செலவழிக்க வேண்டும். அதற்கு வேகமான கணினியும் துல்லியமான உணர்கருவியும் தேவை. இதையெல்லாம் வெளியே காசு கொடுத்து வாங்கவும் வழியில்லை. 1987-ல் அமெரிக்கா உள்ளிட்ட ஏழு தொழில்வள நாடுகள் சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தன. 2016-ல் இந்தியாவும் அதில் உறுப்பினரானது. நடுவில் அத்தனை வருடம் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டுதான் வேலை செய்தோம்.

அதன் விளைவைத் தேதிகளில் பார்க்கலாம். 2011 ஜூலை 21 அன்று ஒடிசாவின் சண்டிப்பூரிலிருந்து பிரஹார் என்ற புதிய ஏவுகணை பறந்தது. திட எரிபொருள், 150 கிலோமீட்டர், எடை 1,280 கிலோ. பிருத்வியின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே லாரியில் ஆறு. ஆனால் வெடிபொருள் 200 கிலோதான், அதையும் சொல்ல வேண்டும். 2013-ல் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் தலைவர் அவினாஷ் சந்தர், முதல் வகைப் பிருத்வியை விலக்கிக்கொண்டு அந்த இடத்துக்குப் பிரஹாரைக் கொண்டுவருவதாக அறிவித்தார். பிறகு 2021 டிசம்பர் 22-லும் மறுநாளும் பிரளய் பறந்தது. நகரும் ஏவு வண்டி, திட எரிபொருள், 150 முதல் 500 கிலோமீட்டர். கல் மாதிரி வளைந்து விழாமல், தாழப் பறந்து நடுவழியில் திசை மாற்றிக்கொள்ளும் வகை. 2025 ஜூலை 28, 29 தேதிகளில் மிகக் கூடிய தூரத்துக்கும் மிகக் குறைந்த தூரத்துக்கும் சோதித்தார்கள். நிறுத்த முடியாத மோட்டாரில் குறைந்த தூரம்தான் கடினமான பரீட்சை என்பது மேலே எழுதியதைப் படித்த உங்களுக்குப் புரியும்.

எதை நம்பலாம், எதைத் தள்ளி வைக்கலாம் என்பதையும் சொல்கிறேன். சோதனைத் தேதி, தூரம், எரிபொருள் வகை எல்லாம் அரசே வெளியிட்டவை, உறுதியானவை. குறியிலிருந்து எத்தனை மீட்டருக்குள் விழும் என்ற எண் மட்டும் ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொரு மாதிரி வரும். சோதனையில் ஒரு நாள் கிடைத்ததும், மழையில் நனைந்து காட்டில் நின்ற வண்டியிலிருந்து கிடைப்பதும் ஒன்றல்ல. அந்த எண்ணைப் படித்துவிட்டுக் கடந்துவிடுங்கள். பிரளயின் மோட்டார் நம் ஏவுகணை எதிர்ப்புத் திட்டத்திலிருந்து வந்தது என்று எழுதுகிறார்கள். இருக்கலாம், அதை நான் உறுதியான தகவலாக வைத்துக்கொள்ளவில்லை.

துல்லியத்தில் லாரிக்கும் பங்கு உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. தான் எங்கே நிற்கிறோம், வடக்கு எந்தப் பக்கம் என்பது ஏவுகணைக்குத் தெரிய வேண்டும். நிற்கும் இடத்தில் 100 மீட்டர் தவறு என்றால், எதுவும் திருத்தாத வரை, விழும் இடத்திலும் 100 மீட்டர் தவறு. திசையில் 1 டிகிரி தவறு என்றால் 150 கிலோமீட்டரில் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் விலகும். அந்தக் காலத்தில் ஏவும் இடங்களை முன்கூட்டியே அளந்து கல் நட்டு வைக்க வேண்டியிருந்தது. இன்று செயற்கைக்கோள் வழியாக இடத்தை அறியும் கருவியும், வடக்கைத் தானே தேடும் ஜைரோ கருவியும் வண்டியிலேயே இருக்கின்றன. வண்டி நின்ற இடமே ஏவும் இடம் என்று ஆனது அதனால்தான்.

ஏற்காடு மலை மேல் இப்படி ஒரு வண்டி ஏறுமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். சேலம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவு. என்ஜின் ஏறும், நீளம் ஒவ்வொரு வளைவிலும் முன்னும் பின்னும் போய்த் திருப்ப வைக்கும். மேலே போவதால் தூரத்திலும் பெரிய லாபம் இல்லை. 1,500 மீட்டர் உயரம் 150 கிலோமீட்டர் ஏவுகணைக்கு ஒன்றரை கிலோமீட்டர் போலத்தான் கூட்டும். சமவெளியில் பத்துப் பதினைந்து கிளைச் சாலைகள் உள்ள இடம்தான் அந்த வண்டிக்குப் பிடிக்கும்.

சேலம் ராணுவத் தளவாடத் தொழில் வழித்தடத்தில் இருக்கிறதே, நம்மைப் போன்ற பட்டறைக்கு வேலை வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2018 பட்ஜெட்டில் அறிவித்து, 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்த தமிழக வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலமும் ஒரு மையம். ஏவுகணை இங்கே செய்யப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஏவு வண்டியின் மேல்கட்டு வேறு விஷயம். நம் ராணுவத்தின் பினாகா ராக்கெட்டுக்கான ஏவு வண்டிகளை லார்சன் அண்ட் டூப்ரோவும் டாடா குழுமமும் செய்கின்றன. அப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு ஜாக்கி, சிலிண்டர், சட்டம் என்று கீழே பல கை வேலை வேண்டும். உங்கள் கைக்கு அந்த வேலை தெரியும். தெரியாதது காகிதம். ஒவ்வொரு வெல்டிங்குக்கும் யார் பற்றவைத்தது, எந்தக் கம்பி, எப்படிச் சோதித்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஜாக்கியில் ஹோஸ் அறுந்தாலும் வண்டி உட்காராமல் தாங்கும் லாக் வால்வை எத்தனை முறை, எத்தனை அழுத்தத்தில் சோதித்தீர்கள் என்று கேட்பார்கள். உங்கள் பட்டறையில் அடுத்து வரும் ரிக் வண்டியிலேயே அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிடுங்கள். எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள் தம்பி, நாங்கள் ராணுவப் பட்டறையில் வைத்திருந்த மாதிரிப் பக்கத்தை வரைந்து போடுகிறேன்.